கண் அழுத்தத்துக்கும் மலைப் பயணத்துக்கும் ஒரே மாத்திரை... யார் போடலாம், யார் தொடக்கூடாது?

முக்திநாத், கேதார்நாத், லே, கயிலாயம்... யாத்திரை சீசன் நெருங்கினால் டூர் குழுக்களின் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, டார்ச் லைட், உலர் பழங்கள்... அந்த வரிசையிலேயே ‘டயமாக்ஸ் - ஒரு அட்டை’ என்றும் இருக்கும். ஜவுளிக் கடையில் ஸ்வெட்டர் வாங்குவதுபோல, மெடிக்கல் ஷாப்பில் இதையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

அதே வீட்டில் தாத்தாவின் மருந்து டப்பாவிலும் அதே அட்டை இருக்கலாம். அது கண் டாக்டர் எழுதிக்கொடுத்தது. “கடைக்குப் போவானேன்... தாத்தாவோடதுல நாலு எடுத்துக்கோ” என்று கைமாறுவதும் நடக்கிறது. இந்தக் கைமாற்றலில்தான் ஆபத்து இருக்கிறது. தாத்தாவுக்கு அளந்து கொடுத்த மருந்து பேரனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பேரனுக்குச் சரியான அளவு பாட்டிக்குத் தவறாக முடியலாம்.

கண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரை மலையில் என்ன செய்கிறது, யாரெல்லாம் இதைத் தொடக்கூடாது... இந்த வாரம் பார்க்கலாம்.

ஒரு என்சைம்... இரண்டு வேலை!

டயமாக்ஸ் என்பது விற்பனைப் பெயர். உள்ளே இருக்கும் மருந்து, அசிட்டசோலமைடு. வேறு பெயர்களிலும் இது கிடைக்கிறது என்பதால், அட்டையில் இந்த மருந்துப் பெயரைத் தேடிப் படிக்கப் பழகுங்கள்.

நம் உடலில் ‘கார்பானிக் அன்ஹைட்ரேஸ்’ என்றோர் என்சைம் இருக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட்டாக மாற்ற உதவுவது இதன் வேலை. சமையல் சோடாவில் இருக்கிறதே, அதே பைகார்பனேட்தான். அசிட்டசோலமைடு இந்த என்சைமைத் தடுக்கிறது. இந்த ஒரு தடைதான் கண்ணில் ஒருவிதமாகவும், மலையில் வேறுவிதமாகவும் பயன்படுகிறது.

முதலில் கண். கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு திரவம் சதா ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். ஊறுவது ஊறிக்கொண்டே இருக்க, வடிகால் அடைத்துக்கொண்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பொதுவாக இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கத் தொடங்கினால், அதுதான் கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய். கண்ணில் திரவம் ஊறுவதற்கு அந்த என்சைம் தேவை. மாத்திரை அதைத் தடுப்பதால் ஊறும் அளவு குறைகிறது, அழுத்தமும் இறங்குகிறது. சுருக்கமாகச் சொன்னால், இது வடிகாலைத் திறப்பதில்லை. குழாயைக் கொஞ்சம் மூடுகிறது.

அடுத்தது மலை. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில், கடற்கரையில் இருப்பதைப்போல மூன்றில் இரண்டு பங்கு அழுத்தமே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடும். ஆனால் அப்படி மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்ஸைடு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மைக்கு நகரும். உடனே மூளை, ‘போதும், மெதுவாக மூச்சுவிடு’ என்று பிரேக் போட்டுவிடும். தூக்கத்தில் இது இன்னும் அதிகம். சில நொடிகள் மூச்சே நின்று, பிறகு திடுக்கிட்டு விழிப்பவர்கள் உண்டு.

இந்த பிரேக்கைத்தான் மாத்திரை தளர்த்துகிறது. சிறுநீரகம் வழியாகப் பைகார்பனேட்டை வெளியேற்றி, ரத்தத்தைச் சற்றே அமிலத்தன்மைக்குக் கொண்டுவருகிறது. மூச்சு ஆழமாகிறது. சிறுநீரகம் சில நாள்களில் தானாகவே செய்யவேண்டிய வேலையை, மாத்திரை முன்கூட்டியே தொடங்கிவைக்கிறது. அவ்வளவுதான். இது ஆக்ஸிஜன் தரும் மாத்திரை அல்ல.

சல்ஃபா குடும்பத்துப் பிள்ளை

1930-களில் சல்ஃபா மருந்துகள் புழக்கத்துக்கு வந்தபோது, அவற்றைச் சாப்பிட்ட நோயாளிகளின் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதை டாக்டர்கள் கவனித்தார்கள். காரணத்தைத் தேடிப்போன ஆராய்ச்சியில் பிறந்தது அசிட்டசோலமைடு. 1954-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் பெர்னார்ட் பெக்கர், இது கண் அழுத்தத்தைக் குறைப்பதை வெளியிட்டார். 1960-களில் மலை ஏறுபவர்களிடம் சோதித்தார்கள். 1976-ல் நேபாளத்தின் பெரிச்சே கிராமத்தில் எவரெஸ்ட் பாதை மலையேறிகளை ஆராய்ந்த பீட்டர் ஹாக்கெட், ட்ரம்மண்ட் ரென்னி குழுவினர், மலை நோயைத் தடுப்பதில் இதற்குள்ள பங்கை எழுதினார்கள்.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. இது சல்ஃபா வம்சத்து மருந்து. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்களிடம் டாக்டர்கள் தயங்குவது இதனால்தான்.

தாத்தாவின் மாத்திரையும் நம் கவனமும்

கிளாக்கோமாவுக்கு இப்போது பெரும்பாலும் சொட்டு மருந்துகள்தான் முதல் சிகிச்சை. சொட்டு மருந்து போதாதபோது, அறுவை சிகிச்சைக்கு முன்பு அழுத்தத்தைக் குறைக்க, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தம் ஏறினால், திடீர் கிளாக்கோமா தாக்கும்போது... இப்படியான தருணங்களில்தான் இந்த மாத்திரையைத் தருகிறார்கள். பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். சிலர் மட்டும் டாக்டரின் கண்காணிப்பில் நீண்ட காலம் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படி எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், குடும்பத்தினர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மாத்திரை சிலருக்குக் கடுமையான அசதி, பசியின்மை, உடல் மெலிவு, மனச்சோர்வு ஆகியவற்றைக் கொண்டுவரும். “வயசாயிடுச்சு... அதான் அப்பா சரியா சாப்பிட மாட்டேங்கிறார், யாரோடும் பேசாம படுத்தே கிடக்கிறார்” என்று நாம் கடந்துபோய்விடுவோம். உண்மையில் அது வயதின் வேலையாக இல்லாமல், மாத்திரையின் வேலையாக இருக்கலாம். மாத்திரை ஆரம்பித்த தேதியையும், சோர்வு ஆரம்பித்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ அவரால் முடியும்.

ஆனால், நீங்களாக நிறுத்தக்கூடாது. கண் அழுத்தம் மறுபடி ஏறுவது பலருக்கு வெளியே தெரியாது. கிளாக்கோமாவில் ஒருமுறை போன பார்வை திரும்பி வருவதில்லை.

நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், பைகார்பனேட் அளவுகளையும், சிறுநீரகச் செயல்பாட்டையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். ‘பொட்டாசியம் குறையுமாம், தினமும் இளநீர் குடி’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அதையும் டாக்டரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

ஊட்டிக்கும் வேண்டுமா?

வேண்டாம். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் வரும் குமட்டலும் வாந்தியும் மலை நோய் அல்ல. அது பயண வாந்தி. அதற்கு டயமாக்ஸ் உதவாது, அதற்கான மாத்திரை வேறு.

இமயமலையின் கதை வேறு. முக்திநாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானவர்கள், அதிலும் வயதானவர்கள் போகிறார்கள். காலையில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் போக்ராவில் விமானம் ஏறினால், கொஞ்ச நேரத்தில் 2,700 மீட்டர் உயர ஜோம்சோம். அங்கிருந்து ஜீப்பில் ஏறினால் 3,700 மீட்டரைத் தாண்டிய முக்திநாத். உடலுக்குப் பழக நேரமே இல்லை. டெல்லியிலிருந்து லே நகருக்கு விமானத்தில் போய் இறங்குபவர்களின் நிலையும் இதுதான். ஒரே நாளில் 3,500 மீட்டருக்கு மேலே போய் அங்கேயே இரவு தங்குபவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று மலை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

“நான் தினமும் வாக்கிங் போறவன், எனக்கு ஒண்ணும் ஆகாது” என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மலை நோய்க்கு இளைஞர், முதியவர், பலசாலி என்ற பேதம் இல்லை. இமயமலையில் 1,925 இந்திய ராணுவ வீரர்களிடம் கண்ட மலை நோயை விவரித்து, 1969-லேயே நம் ராணுவ மருத்துவர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கட்டுமஸ்தான வீரர்களுக்கே வந்த நோய் இது.

தடுப்புக்கு, பெரியவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவு 125 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை. கடைகளில் பரவலாகக் கிடைப்பது 250 மி.கி. மாத்திரை, அதாவது, பாதி மாத்திரை. உயரத்துக்குப் போவதற்கு முதல் நாளே தொடங்கி, உச்ச உயரத்தை அடைந்த பிறகு இரண்டு நாள்கள் வரை, அல்லது கீழே இறங்கத் தொடங்கும் வரை எடுப்பார்கள். குழந்தைகளுக்கு எடையைக் கணக்கிட்டே அளவு. கண்ணுக்குக் கொடுக்கும் அளவு இதைவிட அதிகமாக இருக்கும் என்பதால், தாத்தாவின் சீட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்டால் தேவைக்கு மேலே போய்விடும், பக்கவிளைவும் கூடும். உங்களுக்கு எவ்வளவு, உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று... கிளாக்கோமாவுக்காக ஏற்கெனவே இந்த மாத்திரை எடுப்பவர் மலைக்குப் போனால், டூர்காரர் சொன்னார் என்று அதற்கு மேல் இன்னொன்று போட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டும் ஒரே மருந்துதான். டார்சோலமைடு, பிரின்சோலமைடு என்ற கண் சொட்டு மருந்துகளும் இதே குடும்பம்தான். அவற்றைப் போடுபவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்!

* சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள்: செப்ட்ரான் போன்ற சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பில் தடிப்பு, கொப்புளம், முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருந்தால் மறைக்காதீர்கள். சல்ஃபா ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்குமே இதுவும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. ஆனால், கடுமையான அலர்ஜி வந்தவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. லேசாக வந்தவர்களுக்கு, பயணத்துக்கு முன்பே டாக்டரின் மேற்பார்வையில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பதுண்டு.

* கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள்: இந்த மாத்திரை ரத்தத்தில் அமோனியாவைக் கூட்டி, மனக்குழப்பத்திலும் மயக்கத்திலும் கொண்டுபோய்விடலாம். இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி சிறுநீரகக் கல் வருபவர்கள்: அமிலத்தன்மை அதிகரிக்கவும், கல் உருவாகவும் வாய்ப்பு உண்டு.

* ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் குறைவாக உள்ளவர்கள், அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்கள்.

* கர்ப்பிணிகள்: குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும்.

* சர்க்கரை நோயாளிகள்: ரத்தச் சர்க்கரையில் ஏற்ற இறக்கம் வரலாம். எந்தச் சர்க்கரை மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தலைவலிக்கு எந்த மாத்திரை?

மலையில் தலைவலி வருவது சகஜம். அப்போது கைப்பையில் இருக்கும் ஆஸ்பிரின் கலந்த தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது பலருக்கும் பழக்கம். அசிட்டசோலமைடும் அதிக அளவு ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்து, தூக்கக் கலக்கம், குழப்பம், மூச்சிரைப்பு என ஆபத்தாக முடியலாம். தலைவலிக்குப் பொதுவாக பாரசிட்டமால் போதும். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரினை தினமும் எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட வேண்டாம். டயமாக்ஸ் வாங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், டோபிரமேட், மனநலச் சிகிச்சைக்கான லித்தியம், இதயத்துக்கான டிகாக்ஸின், சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரைகள்... இவற்றில் எதை எடுத்தாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பெயர் நினைவில் இல்லையா? எல்லா அட்டைகளையும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கை மரத்துப்போனால் பயப்படலாமா?

மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் விரல் நுனி, கால்விரல், உதடு ஆகிய இடங்களில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பலருக்கும் வரும் பக்கவிளைவு இது. மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். “பக்கவாதம் வருதோ?” என்று பதற வேண்டாம். ஆனால், முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலோ, ஒரு பக்கக் கையோ காலோ தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ அது மாத்திரையின் வேலை அல்ல. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடிக்கடி சிறுநீர் வரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். இரண்டாவது வேளையை ராத்திரி படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளாமல் மாலையிலேயே போட்டுக்கொண்டால், நடுங்கும் குளிரில் பாத்ரூமுக்கு அலைவது குறையும். சோடா, கோலா போன்ற பானங்கள் சப்பென்று இருக்கும். நாக்கில் உலோகச் சுவை தெரியலாம். தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது.

இதோடு நிற்காமல் உடம்பில் தடிப்பு, தோல் உரிதல், வாயில் புண், காய்ச்சல், தொண்டை வலி, காரணமில்லாமல் ரத்தக்கசிவு, விலாவில் கல் வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று தூரப் பார்வை மங்குவதும், கண்ணில் வலி வருவதும்கூட அபூர்வமாக நடக்கும். கண்ணுக்கான மருந்தே கண்ணைத் தொந்தரவு செய்யுமா என்று அலட்சியம் செய்யாதீர்கள். கிளாக்கோமாவுக்காக எடுப்பவராக இருந்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மாத்திரை போட்டாச்சே... ஏறிவிடலாமா?

மலையில் பலரையும் ஏமாற்றுவது இந்த எண்ணம்தான். டயமாக்ஸ் மலை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். வரவே வராது என்று உத்தரவாதம் தராது. மெதுவாக ஏறுவதற்கு ஈடான மாத்திரை எதுவும் கிடையாது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். லே போய் இறங்கினால், முதல் இரண்டு நாள்கள் ஊர் சுற்றாமல் ஓய்வெடுங்கள். மது வேண்டாம். டூர் பதிவு செய்யும்போதே, ‘பழகுவதற்கு எத்தனை நாள் கொடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘அதெல்லாம் வேண்டாம் சார், மாத்திரை இருக்கு’ என்று பதில் வந்தால், வேறு டூரைப் பாருங்கள்.

மலை நோய் பெரும்பாலும் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைகாட்டும். தலைவலியோடு குமட்டல், அசதி, தலைச்சுற்றல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் குறையவில்லை என்றாலும், அதற்குள் கூடினாலும் இறங்கிவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான நிலைகள் இரண்டு. ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, தள்ளாட்டம், உளறல், குழப்பம், மூளையில் வீக்கம். சந்தேகம் இருந்தால் தரையில் ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரல் நுனியில் வைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் காத்திருக்க நேரமில்லை. இருட்டோ, குளிரோ, தரிசனம் பாக்கியோ... ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. இந்த நிலையில் இன்னொரு டயமாக்ஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, கிடைத்த நேரத்தை வீணாக்குவதாகும்.

கிளம்பும் முன்...

* இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். போகும் இடம், அதன் உயரம், தங்கும் நாள்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.
* சீட்டில்லாமல் வாங்காதீர்கள். அடுத்தவர் அட்டையிலிருந்து எடுக்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள்.
* டாக்டர் சம்மதித்தால், ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்பது மலையில் தெரிவதைவிட வீட்டில் தெரிவது நல்லது.
* ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.
* கிளாக்கோமா உள்ளவர்கள் சொட்டு மருந்துகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடும் கண்வலி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தி... இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலையில் வாந்தி என்றால் எல்லாமே மலை நோய் அல்ல.
* கண் ஆபரேஷன் முடிந்து மீந்துபோன மாத்திரைகளை ‘இருக்கட்டும்’ என்று சேர்த்துவைக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே இருக்கும் நல்ல மருந்து இது. பார்வையையும் காப்பாற்றும், பயணத்தையும் காப்பாற்றும். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர் சொல்லும்வரை அது அட்டையிலேயே இருக்கட்டும்.

அடுத்த வாரம், இன்னொரு மாத்திரையோடு சந்திப்போம்!